குழாய் வறண்ட அறையில் ஸ்கிரீன் கழுவும் முறைமை: வேங்கிக்காலை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

கழுவுதல் குறித்துத் தமிழில் முழுமையான நூல் இல்லை. கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் வருவது பற்றிப் பாட்டிகள் பேசியிருக்கிறார்கள். கை கழுவுவது பற்றி அரசியல் விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். கழுவுகிற மீனுக்குப் பழமொழியே உண்டு. ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டத்தைக் கழுவுவது பற்றி, அதிலும் குழாயில் தண்ணீர் வராத அறையில் வைத்துக் கழுவுவது பற்றி, எந்த ஆசிரியரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை போக்கும்.

ஆய்வுக்களம் வேங்கிக்கால். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் போனால் கலெக்டர் ஆபீஸ் வருமே, அந்த ஊர். ஆய்வுக்கூடம் அங்கே ஒரு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அறையில் குழாய் உண்டு. திருகினால் காற்று வரும்.

இவ்விடத்தில் ஊர்ப்பெயரை ஆராய்வது மரபு. ‘கால்’ என்னும் சொல்லுக்கு வாய்க்கால், காற்று, நாலில் ஒரு பங்கு என்று மூன்று பொருள் இங்கே பொருந்தும். வாய்க்கால் ஊர் ஏரியைச் சேர்ந்தது. காற்று எங்கள் குழாயைச் சேர்ந்தது. நாலில் ஒரு பங்கு, மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்க் நிறைந்திருக்கும் அளவைக் குறிக்கும். இதைப் பெயர்க்காரணம் என்று நான் சொல்லவில்லை. ஊர்ப்பெயர் அறிஞர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை நெருப்புக்குரியது என்பதையும் கருத வேண்டும். நீருக்குரியது காவிரிக்கரையில் இருக்கும் திருவானைக்கா. நீரை நம்பும் தொழிலை நெருப்புத் தலத்தில் தொடங்கியவன், குற்றவாளி யார் என்று தேட வேண்டியதில்லை. அடிமுடி தேடிய கதை இந்த ஊர்க் கதைதான். எங்கள் கட்டடத்திலும் அது ஒருமுறை நடந்தது. பிளம்பர் மேலே டேங்குக்குப் போனார். போர்க்காரர் கீழே மோட்டாருக்குப் போனார். கீழே போனவர் ‘தண்ணி எட்டலைங்க’ என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். மேலே போனவர் ‘பார்த்துட்டேன், முக்கால் டேங்க் இருக்குது’ என்றார். அவருக்குத் தாழம்பூவாக நின்று சாட்சி சொன்னது, பழுதாகி மேலேயே சிக்கிக்கொண்ட மிதவைப் பந்து.

கழுவப்படும் பொருள்

அறியாதவர்களுக்காக: கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுக்கும் மஞ்சள் பையில் மணமக்கள் பெயர் இருக்கிறதே, அது ஸ்கிரீனில் அடித்தது. மரச்சட்டத்தில் போல்டிங் துணி என்னும் நுண்ணிய வலைத்துணியை இழுத்துக் கட்டுவோம். இருட்டறையில் அதன்மேல் எமல்ஷன் என்னும் பசையைப் பூசிக் காய வைப்போம். எழுத்துகள் கறுப்பாக உள்ள பாசிட்டிவ் பிலிமை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகும். எழுத்தின் நிழலில் இருந்த இடம் கெட்டியாகாமல் தண்ணீரில் கரையும். கரைந்த இடத்தின் வழியே மை இறங்கும். அதாவது, எழுத்தைப் பிறப்பிப்பது வெளிச்சம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வெளிச்சம் செய்வது சுற்றிலும் சுவர் எழுப்புவது மட்டும்தான். வாசலைத் திறப்பது தண்ணீர்.

இந்த வேதியியல் நேற்று வந்ததல்ல. டைகுரோமேட் பூசிய காகிதம் வெளிச்சத்தில் மாறுவதை ஸ்காட்லாந்தின் மங்கோ பான்டன் 1839இல் கண்டார். டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் வெளிச்சம் பட்டால் கரையாமல் போவதை 1852இல் ஃபாக்ஸ் டால்பட் பயன்படுத்திக் காட்டினார். மான்செஸ்டரின் சாமுவேல் சைமன் 1907இல் பட்டுத்துணி ஸ்கிரீனுக்குக் காப்புரிமை வாங்கினார். ஜப்பானியர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கத்தாகாமி என்ற வெட்டுக் காகிதத்தால் துணியில் சித்திரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1962 முதல் ஸ்கிரீனால் உலகப்புகழ் பெற்ற ஆண்டி வார்ஹால், புகைப்பட ஸ்கிரீன்களை வெளியே கொடுத்துச் செய்து வாங்கிக்கொண்டார். எனவே கழுவல் துறையில் அவர் மேற்கோளாக மாட்டார்.

வெட்டுத்தகடு போதாதா, வலைத்துணி எதற்கு என்பாருக்கு விடை எங்கள் ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. தகட்டில் எழுத்தை வெட்டினால் சுழிக்குள் இருக்கும் துண்டு பிடிமானமில்லாமல் விழுந்துவிடும். ‘திருவண்ணாமலை’யில் மூன்று சுழி ண இரண்டு முறை வருகிறது. சுழிகளுக்குள் அநாதையாக நிற்கும் அந்தத் தீவுகளைத் தாங்குவது வலைத்துணிதான். கழுவும்போது தண்ணீரை வேகமாக அடித்தால் இந்தத் தீவுகளில் ஒன்று பெயர்ந்து போகும். அப்புறம் ண்ணாவா ன்னாவா என்று ஊரே கேட்கும்.

ஐந்தொழில்

கழுவல் ஒன்றே என்பர் சிலர். அது பொருந்தாது. மூன்று என்க. கெட்டியாகாத எமல்ஷனைக் கரைத்து எழுத்தைத் திறப்பது படைத்தல். அடித்து முடித்ததும் கண்ணிகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளாமல் கழுவுவது காத்தல். வேலை தீர்ந்ததும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் பழைய எமல்ஷனை முழுக்க உரித்து வலையை வெறுந்துணி ஆக்குவது அழித்தல். சைவத் தலமாகையால் மற்ற இரண்டையும் சேர்த்துவிடலாம். ஊசித்துளை விழுந்த இடத்தைத் தூரிகையால் எமல்ஷன் தொட்டு அடைப்பது மறைத்தல். பாக்கித் தொகையைக் கஸ்டமர் தருவது அருளல். கடைசி இரண்டுக்கும் தண்ணீர் தேவையில்லை. ஐந்தாவது அடிக்கடி நிகழ்வதும் இல்லை.

நீர்வழிகள்

முதலில் ஏரிவழி. வேங்கிக்காலில் ஏரி இருக்கும்போது குழாய் எதற்கு என்று என்னைக் கேட்டவர்கள் பலர். அவர்களுக்கு மறுப்பு இரண்டு. இரண்டாவது மறுப்பைப் பின்னால் சொல்கிறேன். முதல் மறுப்பு இது: வெளிச்சம் காட்டிய ஸ்கிரீனைக் கழுவி முடிக்கும்வரை வெயில் படக்கூடாது. பட்டால் எழுத்தின் இடமும் சேர்ந்து கெட்டியாகிவிடும். ஆகவே எழுத்து தண்ணீரைத் தேடிப் போக முடியாது. தண்ணீர்தான் எழுத்தைத் தேடி மாடி ஏறி வர வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கடை போட்ட புதிதில் ஒரு சித்திரைப் பகலில் குழாய் காற்று விட்டது. கையில் அப்போதுதான் வெளிச்சம் காட்டிய ஸ்கிரீன். தெருமுனை அடிபம்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே பத்துக் குடம் வரிசையில்.

“இன்னா தம்பி, சாமி படத்துக்குக் கண்ணாடி போடப் போறியா?”

“இல்லக்கா, கழுவணும். ஒரே ஒரு குடம் தண்ணி, வழி விடுக்கா.”

“இங்க எல்லாருக்கும் ஒரே ஒரு குடம்தான். வரிசையில வா.”

வந்தேன். என் முறை வந்தபோது ஸ்கிரீனின் பச்சை நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. அந்த அக்கா இரக்கப்பட்டுத் தானே பம்பு அடித்துக் கொடுத்தார். ஒரு குடம், இரண்டு குடம். மணமகன் திறக்கவில்லை. மணமகளும் திறக்கவில்லை. மண்டபத்தின் பெயரில் ஒரு புள்ளி மட்டும் லேசாகக் கசிந்தது. பின்னால் நின்ற பாட்டி, “தேய்ச்சுப் பாரு, கறை போவும்” என்றார். நாற்பது வருடம் துணி துவைத்தவர் சொல்லும் யோசனையை மறுக்க அன்று என்னிடம் கோட்பாடு இல்லை.

அடுத்தது மழைவழி. நியாயமானதுதான். ஆனால் எங்கள் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். பைக்கு ஆர்டர் குவிவது தையிலிருந்து வைகாசி வரை. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உயரவழி சற்று அறிவியல் சார்ந்தது. தண்ணீரை எவ்வளவு உயரத்தில் வைக்கிறோமோ அவ்வளவு அழுத்தம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். மொட்டைமாடியில் டிரம் வைத்தால் மூன்று மீட்டர்தான் கிடைக்கும். அது பூவாளிக்குப் போதும், எழுத்தைத் திறக்கவும் போதும். அழித்தலுக்குப் போதாது. திருவண்ணாமலையின் 2668 அடி மலை உச்சியில் டிரம்மை வைத்துக் குழாய் இறக்கினால், ஊரின் உயரத்தைக் கழித்தபிறகும் வளிமண்டலத்தைப்போல் அறுபது மடங்குக்கு மேல் அழுத்தம் கிடைக்கும். பிரஷர் வாஷர் வாங்கவே வேண்டாம். ஆனால் உச்சியில் தீபக் கொப்பரைக்குத்தான் இடம். விண்ணப்பம் எழுதிப் பார்த்தேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் முன்னால் நின்றவர்களின் மனுக்களைக் கண்டதும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எஞ்சியது மருந்தடிப்பான் வழி. இதுவே இக்கட்டுரையின் துணிபு. வயலில் மருந்து அடிக்க முதுகில் மாட்டிக்கொள்ளும் பதினாறு லிட்டர் டேங்க் இருக்கிறதல்லவா, கையால் பம்பு அடித்தால் முனையில் பனிபோலத் தூவுமே, அதுதான். உரக்கடையில் கேட்டேன்.

“நெல்லுக்காணா, மல்லாட்டைக்கா?”

“கல்யாணப் பைக்கு.”

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். “அதுல இன்னா பூச்சிணா?”

எழுத்துப்பிழை என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் அடிக்கோடிட வேண்டும்: டேங்க் புதிதாக இருக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் அன்பாகக் கொடுக்கும் பழைய டேங்கை வாங்காதீர்கள். அதில் என்ன மருந்து ஊறியிருக்கிறது என்பது அவருக்கே நினைவிருக்காது. நீங்களோ மூடிய அறையில் அதைத் தூவி மூச்சு விடப்போகிறீர்கள்.

ஊறல்

இனி ஆய்வின் நடுப்பகுதி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு கோடைகள் ஆயின.

குழாய் உள்ளவன் ஸ்கிரீனைப் பிடித்துத் திருகைத் திறக்கிறான். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் போகலாம். ஐந்து நிமிடம் நிற்கிறான். அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு எமல்ஷனைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா வடிந்து போகிறது. எமல்ஷன் கரைவது தண்ணீரின் வேகத்தால் அல்ல, அது தண்ணீரைக் குடித்து உப்புவதால். உப்புவதற்கு அதற்கு நேரம் வேண்டும். இட்லிக்கு அரிசி ஊறப்போடும் யாரும் குழாயைத் திறந்துவிட்டு அரிசிமேல் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. துணிக்கும் அப்படியே. தண்ணீரை நிறுத்திவைத்து அதனிடம் வேலை வாங்குவது நம் வீடுகளில் தெரிந்த வித்தை. அச்சுக்கடைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம், ஏனென்றால் குழாய் இருக்கிறது.

குழாய் இல்லாதவன் செய்ய வேண்டியது இது. சட்டம் படுக்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் முக்கால் ஜாண் தண்ணீர். மஞ்சள் பல்பு மட்டும் எரிய, ஸ்கிரீனை இரண்டு நிமிடம் மூழ்கவிட வேண்டும். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், கஷ்டம் இதில்தான். மூழ்கியபின் விரல் நுனியால் எழுத்தின் இடத்தைத் தொட்டால் நறுக்கிய வெண்டைக்காய் போல வழவழக்கும். சுற்றியுள்ள இடம் வழுக்காது. அப்போது எடுத்து, சுவரில் சாய்த்து, இரண்டு அடி தள்ளி நின்று தூவ வேண்டும். முதலில் பெரிய எழுத்து திறக்கும். பிறகு தேதி. பிறகு ‘சுபமுகூர்த்தம்’. கடைசியாக மணப்பெண்ணின் படிப்பு, அது எப்போதும் சின்ன எழுத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதால். பல்புக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பெயர்கள் வெளிச்சமாகத் தெரியும். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

முடிவில் ஒரு சொம்பு சுத்தமான தண்ணீர் கட்டாயம். கரைந்த எமல்ஷன் பாலாடைபோல எழுத்தின்மேல் படர்ந்து காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, மை மட்டும் இறங்காது. பிறகு இருபுறமும் பழைய தினசரியால் ஒற்றி எடுத்து வெயிலில் வைக்கலாம். இனி வெயில் எதிரியல்ல, மிச்சத்தையும் கெட்டியாக்கிக் கொடுக்கும்.

பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குல ஸ்கிரீனுக்குத் தொட்டித் தண்ணீர் போக நான் செலவழிப்பது அரைக்குடம். தொட்டித் தண்ணீரில் நாலைந்து ஸ்கிரீன் ஊறலாம். அதன்பின் அந்தத் தண்ணீர் மை கழுவும் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து அழித்தல் தொட்டிக்கு. அழுக்கு வேலைக்கு அழுக்குத் தண்ணீர் என்பது விதி. காய் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் எல்லா வீட்டிலும் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் இல்லை.

கழுவிய நீர் எங்கே போகிறது

ஏரிவழிக்கு இரண்டாவது மறுப்பு. இது சிரிப்புக்குரியதல்ல.

பழைய முறையில் எமல்ஷனோடு கலப்பது டைகுரோமேட், ஆரஞ்சு நிற உப்பு. வெளிச்சம் பட்ட இடத்தில் அதிலுள்ள குரோமியம் வடிவம் மாறிப் பசையைக் கெட்டியாக்குகிறது. வெளிச்சம் படாத இடத்தில் மாறாமல் அப்படியே ஆறு இணைதிறன் குரோமியமாக நிற்கிறது. இது புற்றுநோய் தரவல்லது. கழுவும்போது கரைந்து போவது எந்த இடம்? வெளிச்சம் படாத இடம். அதாவது விஷத்தைத் தேர்ந்தெடுத்துத் தண்ணீரோடு அனுப்புகிற வேலைக்குத்தான் நாம் படைத்தல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

குரோமியம் நிலத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம். 1989இல் மாவட்டம் பிரியும்வரை நாமும் இராணிப்பேட்டையும் ஒரே வடஆற்காடு. அங்கே குரோமேட் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொழிற்சாலை தொண்ணூறுகளில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. மலையாகக் குவிந்து, நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. திருப்பூரில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் கழுவிய தண்ணீரை நொய்யலில் விட்டதற்காகத்தான். என் அரைக்குடம் எங்கே, அந்த மலை எங்கே என்று கேட்கலாம். கேட்கிறவர் வேங்கிக்கால் ஏரித் தண்ணீரைக் குடித்துக் காட்டட்டும்.

டயசோ எமல்ஷன் வந்துவிட்டது, குரோமியம் இல்லாதது, விலை கொஞ்சம் கூட. அதைத்தான் வாங்குகிறேன். அதன் கழுநீரையும் நேரே சாக்கடையில் விடாமல் டிரம்மில் தெளியவிட்டு, அடியில் தங்கும் கசடைத் துணியில் வடித்துக் காயவைக்கிறேன். குழாய் இல்லாதவனுக்கு இது எளிது. தண்ணீர் வரும் வழியே இல்லாத அறையில் அது போகும் வழியும் இருப்பதில்லை. எல்லாவற்றையும் மாடிப்படியில் கையால் சுமந்து இறக்க வேண்டும் என்றால் மனிதன் அளவாகத்தான் ஊற்றுவான்.

புணரியல்

பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்து, 2021 டிசம்பர் 23இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியபின் என் போன்றவர்களுக்கு வேலை கூடியது. கூடவே புரூஃப் திருத்தமும். தண்ணீர்ச் செலவுக்கும் இலக்கணத்துக்கும் உள்ள உறவை நான் கண்டுபிடித்தது இங்கேதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மகன் கல்யாணத்துக்கு இருநூறு பை சொல்லியிருந்தார். ஸ்கிரீன் கழுவிக் காய்ந்தபின் பார்க்க வந்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு படித்தார்.

“தம்பி, திருவளர்ச்செல்வன்னு போட்டிருக்கீங்க. வினைத்தொகை. ஒற்று மிகாது. ச் எடுத்துடுங்க.”

மகிழ்ச்சியோடு எடுத்தேன். எழுத்தை எடுப்பது மறைத்தல். தூரிகையால் எமல்ஷன் தொட்டு அடைத்தால் முடிந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். வல்லினம் மிகா இடங்கள் அனைத்தும் நீர்ச் சிக்கனமானவை என்ற விதியை அப்போதே குறித்துக்கொண்டேன். ஐயா மறுபடி பார்த்தார்.

“இப்போ திருவளர், செல்வன்னு நடுவுல இடைவெளி இருக்கே. தொகைச்சொல்லைப் பிரிக்கக்கூடாது தம்பி.”

இடைவெளியை மூட வழியில்லை. புது பிலிம், புது ஸ்கிரீன், பழையதற்கு அழித்தல். ஒரு குடம். மறுநாள் அவர் மனைவி போன் செய்தார். இவன் கடைசிப் பையன், இவனுக்குப் பிறகு கல்யாணத்துக்கு ஆள் இல்லை, அதனால் திருவளர் வரக்கூடாதாம், திருநிறைசெல்வன் என்றுதான் போட வேண்டுமாம். இன்னொரு குடம். தண்ணீர் லாரி வராத நாள் அது. பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் சாலையை மறித்திருந்தார்கள். குடிக்க வைத்திருந்த இருபது லிட்டர் கேனை உடைத்துக் கழுவினேன். அந்தப் பையனின் பெயர் அளவுக்குத் தூய்மையான நீரில் திறந்த பெயர் இந்த மாவட்டத்தில் வேறு இருக்க வாய்ப்பில்லை.

எனவே பை அடிக்கச் சொல்வோர் கவனத்துக்கு. வளரா நிறையா என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டு வாருங்கள். இனிஷியலையும் படிப்பையும் பத்திரிகையோடு ஒத்துப் பாருங்கள். புரூஃப் காகிதத்தில் இருக்கும்போது எத்தனை ஒற்றை வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம், காசு கேட்க மாட்டேன். ஸ்கிரீனில் ஏறியபின் திருத்தம் ஒன்றுக்கு ஒரு குடம் தண்ணீர், மாடிவரை நீங்களே தூக்கி வந்து தர வேண்டும். தண்ணீர் லாரி எங்கள் தெருவுக்குச் செவ்வாயும் வெள்ளியும், காலை ஏழு மணிக்கு வரும்.